மதில்மேல் வைத்த பொருள்

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மாலை, தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில், சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. குறை இதுதான். பேயையும் விதியையும் பிறகு பழிக்கலாம். முதற்குற்றம் சும்மா இருந்தவர்களுடையது.

தொடங்கியபோது அது மிகச் சிறிய செய்தி. அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் வாசல் பெருக்க வந்த தையலக்கா, தன் கத்தரிக்கோல் மதில்மேல் கிடப்பதைக் கண்டாள். நேற்றுவரை துணி வெட்டிய கத்தரிக்கோல். கழித்த பொருளை மட்டுமே வைக்கும் இடத்தில், பனியில் நனைந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

தையலக்கா கணவனை இழந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். வரும்போது ஒரு தையல் எந்திரத்தையும், துணி மாட்டி அளவு பார்க்கும் தலையில்லாத மர உருவம் ஒன்றையும் கொண்டுவந்தாள். கண்ணில் புரை விழுந்து தையல் குறைந்த பிறகு, வீட்டின் முன்னிருந்த தோட்டத்தில் இறங்கினாள். தெருவார் தூக்கிப்போட்டவை அங்கே உயிர்பெற்றன. விரிசல் விட்ட பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுப் பூக்களாயின. வளைந்த தேக்கரண்டிகள் தும்பிகளாயின. லாரி டயர் ஒன்று பச்சை வண்ணம் பூசிக்கொண்டு தவளையாகக் குந்தியது. பாட்டில் மூடிகள் பொன்வண்டுகளாக வரப்போரம் ஊர்ந்தன. பார்த்தவர்கள் சிரிக்காமல் போனதில்லை.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எதையும் நேரே எடுத்துக்கொள்ள மாட்டாள். அதை மதில்மேல் வைத்து, விளக்கு எரியும் வேளையில் தெருவைப் பார்த்து, "யாருக்காவது வேணுமா?" என்று உரக்கக் கேட்பாள். கேட்டவளே பதில் சொல்லக்கூடாது. பிறர் ஒருவர் "வேணும்" என்றால் பொருள் அவருக்கு. எவரும் சொல்லாவிட்டால்தான் அவளுக்கு. உருவம் செய்து முடித்த மறுநாளும் அப்படியே: கண் வைக்குமுன் இன்னொருமுறை மதில்மேல் வைத்துக் கேட்பாள். அதற்கும் மறுமொழி இல்லையென்றால், தகர டப்பாவிலிருந்து இரண்டு பொத்தான்களைப் பொறுக்கிக் கண்ணாக ஒட்டுவாள். கண் வைத்தபின் திரும்பக் கொடுப்பதில்லை.

"மதில்மேல பூனைன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்," என்பான் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்த தம்பி. "நம்ம வீட்டு மதில்ல பானை, சட்டி எல்லாம் ஏறி நிக்குது."

அந்த முறையை அவள் ஒரே ஒருமுறை மீறினாள். மர உருவத்தைத் தோட்டத்து ராணியாக்க ஆசைப்பட்டாள். தலைக்கு ஓட்டைக் கெட்டில், விரல்களுக்குத் தேக்கரண்டிகள், எல்லாம் முன்பே எடுத்து வைத்தாயிற்று. முறைக்காக மதில்மேல் நிறுத்தி, முறைக்காகக் கேட்டாள்.

"வேணும்," என்றது ஒரு குரல்.

காலிப் பானைக்குள்ளிருந்து வருவதுபோன்ற அடிக்குரல். மதிலுக்கு அப்பால், மிக அருகில். எட்டிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. துருவின் மணம் மட்டும் நின்றது. ஆசை வெட்கம் அறியாது. "காதுல விழலைன்னு வச்சுக்குவோம்," என்று தனக்குத்தானே முணுமுணுத்து, உருவத்தை அணைத்துத் தோட்டத்துக்குள் இழுத்துவந்துவிட்டாள். ராணிக்குக் கோட்டுப் பொத்தான்களில் கரிய கண் வைத்தபோது, எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கைதட்டிப் பாராட்டினார்.

அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல்.

அதை எடுத்துப்போய்ப் பெட்டிக்குள் பூட்டினாள். மாலையில் பெட்டி பூட்டியபடியே இருந்தது. கத்தரிக்கோல் மதில்மேல் இருந்தது. விளக்கு எரிந்தது. தோட்டத்திலிருந்து, தட்டுப் பூக்களுக்கு நடுவிலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"யாருக்காவது வேணுமா?"

அது அவளுடைய குரல். இழுவை மாறாமல், இறுதியில் வரும் சிறு இருமல்கூட மாறாமல்.

"வேணும்," என்று அவள் கத்தினாள். பயனில்லை. கேட்டவள் குரலும் சொன்னவள் குரலும் ஒன்றாயிற்றே. மறுநாள் தகரக் கொக்கு ஒன்றின் அலகாகக் கத்தரிக்கோல் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. இடக்கைப் பழக்கத்தால் கம்பியை அவள் எப்படி எதிர்ப்புறமாக முறுக்குவாளோ, அப்படியே முறுக்கியிருந்தது.

அடுத்து அவளுடைய சீப்பு போயிற்று. பிறகு மூக்குக்கண்ணாடி. செருப்பு மதிலேறிய மாலையில் மட்டும், குப்பை கொட்ட வந்த தம்பி மனைவி அதைக் கண்டு, "அட, இது வேணுமே, இதை ஏன் இங்க வச்சீங்க?" என்றாள். மறுநாள் செருப்பு வாசற்படியில் பத்திரமாக இருந்தது. பிறர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்குத்தான் அது கட்டுப்படும் என்பது தையலக்காவுக்கு அன்று விளங்கியது.

ராணியைத் திருப்பிக் கொடுக்கவும் பார்த்தாள். மூச்சிரைக்க மதில்மேல் ஏற்றி, "தெரியாம எடுத்துட்டேன், கூட்டிட்டுப் போயிடு," என்று ஆளில்லாத தெருவைக் கெஞ்சினாள். விடிந்து பார்த்தால் ராணி பழைய இடத்திலேயே நின்றது. தொங்கவிட்டிருந்த கைகள் மட்டும் சற்று முன்னே நீண்டிருந்தன. ஏதோ ஒன்றை எடுத்து அணைக்கப்போவதுபோல.

பத்தொன்பதாம் தேதி காலையில், அவள் உட்கார்ந்து தைக்கும் முக்காலி மதில்மேல் இருந்தது. அதன்மேல் அவளுடைய நீலப் புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. உட்காரும் இடமும் உடுத்தும் துணியும் ஆயத்தம். எஞ்சியிருப்பது உட்காருகிறவள்.

"டேய், சாயங்காலம் விளக்கு எரியறப்போ வாசல்ல நில்லு," என்றாள் தம்பியிடம். "வேணுமான்னு கேக்கும். வேணும்னு சொல்லிடு. அது போதும்."

"எதை வேணும்னு?"

"என்னை."

தம்பி சிரித்தான். "உன்னை எவன் தூக்கிட்டுப் போவான்? போனாலும் மறுநாளே கொண்டுவந்து விட்டுட்டு, கூலியும் கேப்பான்."

"சும்மா இருங்க, பயந்துபோயிருக்காங்க," என்றாள் அவன் மனைவி. "நான் நிக்கிறேன்கா. நான் சொல்றேன்."

நின்றாள். அதை மறுப்பதற்கில்லை. தையலக்கா அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் தோட்டத்தைவிட்டு மெல்ல வடிந்தது. தட்டுப் பூக்கள் வெண்மை இழந்து சாம்பலாயின. டயர்த் தவளையின் முதுகு இருட்டோடு இருட்டாகக் கலந்தது. தும்பிகளின் கரண்டிச் சிறகுகள் காற்றில்லாமலே ஒன்றோடொன்று உரசி, யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஓசையிட்டன. கோந்து மணத்தது. புதுக் கோந்து. அன்று அவள் கோந்து டப்பாவைத் திறக்கவே இல்லை.

உள்ளே அடுப்பில் பால் பொங்கிச் சுரீரென்றது.

"இதோ வந்துட்டேன்கா." முந்தானை நழுவிற்று.

விளக்கு எரிந்தது.

இடுப்பில் குளிர்ந்த விரல்கள். தேக்கரண்டிகள். தரை காலைவிட்டுப் போயிற்று. கத்த நினைத்தாள். நாக்கு தகரம். முக்காலியின் பழகிய பள்ளம் கீழே வந்து பொருந்தியது. தலைமேல் நீலப் புடவை விழுந்தது.

"யாருக்காவது வேணுமா?"

தம்பி தோட்டத்தில்தான் இருந்தான். கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே, "இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு? எதுவானாலும் குடுத்துத் தொலை, வீடு நெறஞ்சுபோச்சு," என்றான்.

எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டே, "நம்ம வீட்டுல இடமில்லைம்மா," என்றார்.

தம்பி மனைவி பால் பாத்திரத்தோடு திரும்பி வந்தபோது படி காலியாக இருந்தது. "அக்கா உள்ள போயிட்டாங்களா?" என்றாள். "போயிருப்பா," என்றான் அவன்.

இரவெல்லாம் கம்பி முறுக்கும் ஓசை. எதிர்ப்புறமாக. வலி இல்லை, வலித்திருந்தாலாவது தன் உடம்பென்று தெரிந்திருக்கும். கோந்து இறுக இறுக, முழங்கால் எங்கே முடிகிறது, முக்காலி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போயிற்று. கண் இருந்த இடத்தில் இரண்டு வழவழப்பான குழிகள். காது மட்டும் இருந்தது.

காலையில் காலடிகள் கேட்டன. "இங்க பாருங்களேன்," என்றாள் தம்பி மனைவி. "புதுப் பொம்மை. தன் நீலப் புடவையையே கட்டிவிட்டிருக்காங்க. அப்படியே அவங்களைப் பார்த்த மாதிரியே இருக்கு. ஆள்தான் எங்கன்னு தெரியலை."

"சாமான் பொறுக்கப் போயிருப்பா. பசிச்சா வந்துடுவா."

"கண்ணு இன்னும் வைக்கலை."

"வந்து வைப்பா."

காலடிகள் போயின. வெயில் முகத்தில் ஏறியது, இறங்கியது. ஈ ஒன்று வாய் இருந்த இடத்தில் உட்கார்ந்து, நெடுநேரம் இருந்து, பறந்தது.

இப்போது மாலை. அவளை மறுபடி மதில்மேல் வைத்தாயிற்று. கீழே தெருவில் செருப்புகள் தேய்கின்றன. மிதிவண்டி மணி ஒன்று ஒலித்து அகல்கிறது. யாரோ நின்று, "நல்லா செஞ்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவளுக்குப் பின்னால், மிக அருகில், துரு மணக்கிறது. தகர டப்பா திறக்கிறது. கரண்டி விரல்கள் பொத்தான்களை மெல்லக் கிளறுகின்றன. ஒன்றை எடுக்கின்றன. பொருத்திப் பார்க்கின்றன. போடுகின்றன. இன்னொன்றை எடுக்கின்றன.

விளக்கு எரியப்போகிறது. அவள் குரல் கேட்கும். கேட்பவள் பதில் சொல்லக்கூடாது. வீட்டார் சொல்ல மாட்டார்கள். படித்துக்கொண்டிருப்பவரே, உம்மைத்தான் சொல்கிறேன். தலையசைப்பது போதாது, மனத்துக்குள் நினைப்பது பதிலாகாது. வாயைத் திறந்து, உரக்க, தெருவுக்குக் கேட்கும்படி, "வேண்டும்" என்று சொல்லும். இப்போதே சொல்லும்.