கை எட்டும் உயரம்

சுகிர்தா வரைபடத்தில் போட்ட இடத்தில்தான் குமிழ் இருந்தது. ஆனால் அவள் கைக்கு எட்டவில்லை.

குமிழ் மாட்டியதைப் பார்க்க வந்த இடத்தில் குளிரறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது அவள் பதறவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தித் திறக்கத்தானே அந்தக் குமிழ்? போன வருஷம் செல்லம்மா என்ற தொழிலாளி பழைய கதவு திறக்காமல் இதே அறைக்குள் விறைத்துச் செத்த பிறகு, வேலை செய்பவர்களின் உடம்புக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் மாற்றித்தர அந்த இறால் கம்பெனி வரவழைத்தது அவளைத்தான். கீழே வைத்தால் தள்ளுவண்டி இடிக்கும் என்று, இருப்பதிலேயே குள்ளமான பெண்ணின் தூக்கிய கை எட்டும் உயரத்தில் குமிழை வைக்கச் சொன்னாள். அவளும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். பிறகு ஏன் எட்டவில்லை?

அளவெடுத்த நாள் ஞாபகம் வந்தது. இறால் உரிக்கும் மேசை முன்னால் நின்ற காரைக்கால்மேட்டுத் தாமரைச்செல்விதான் இருப்பதிலேயே குள்ளம். அவள் கேட்டாள்.

"எறங்கி நிக்கவா மேடம்?"

"வேண்டாங்க. வேலை பாக்குற மாதிரியே நில்லுங்க."

எதிலிருந்து இறங்குவது என்று இந்த மேதாவி கேட்கவில்லை. தரை ஈரத்துக்காக அங்கே எல்லாரும் அரையடி உயரப் பலகைமேல் நின்றுதான் உரிப்பார்கள். இவள் நாடாவைத் தரையிலிருந்து பிடித்தாள். பலகையும் ஆளோடு சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம். மேனேஜர் தமீம் அன்சாரி ஜும்மாவுக்குப் போய்விட்டார், பெண்கள் சாப்பாட்டுக்கு. ஆள் வர இரண்டு மணியாகும். போனில் சிக்னல் இல்லை. நாளைதான் சரக்கு வரும் என்பதால் ஏறி நிற்க ஒரு ட்ரேகூட இல்லாத வெறும் அறை. விசிறிகளின் ஓயாத இரைச்சல், மூக்கைச் சுடும் குளிர், எவ்வளவு கழுவியும் போகாத இறால் வாடை, கதவில் நடுங்கும் அவள் நிழல்.

குதித்தாள். விரல் நுனி பட்டது. அழுத்த முடியவில்லை. மறுபடி குதித்தாள். வழுக்கி விழுந்தாள். விழுந்தபடியே கதவை அறைந்தாள்.

"யாராவது இருக்கீங்களா?"

விசிறிகள் நின்றன.

எழுந்து கையைத் தூக்கினாள். பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. ரப்பர் உறை போட்ட, குட்டையான கை. உறைக்குள் பனி நொறுங்கும் சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தக் கை நீண்டது. எக்கியது. அதற்கும் எட்டவில்லை.

மெல்ல இறங்கி, அவள் தோளைப் பிடித்தது. இடுப்பில் ஒரு முட்டி ஊன்றியது. கனம். சுகிர்தா மடங்கித் தரையில் குப்புற விழுந்தாள்.

முதுகின்மேல் ஒரு பாதம் ஏறி நின்றது. பிறகு இன்னொன்று.