வில்காவைத் திருடியவள்!

பிணம் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது.

ஆறு கால்களும் மேலே பார்த்தபடி!

"ஐயோ... போயிட்டியேடி!" என்று அலறினாள் டாக்டர் ரெமேடியோஸ் சோக்கே.

சாகாஸ் நோயைப் பரப்பி, ஆளின் இதயத்தையே மெல்ல மெல்லக் கெடுக்கிற வின்சூகாப் பூச்சி அது. ஒரு மண் சுவர் இடுக்கில் கையை விட்டு, அவளே பிடித்து வந்தது.

டெலிபோன் அலறியது.

"ரெமேடியோஸ்! உடனே என் ரூமுக்கு வா!" டீன் லியோனாரின் குரல்.

"இங்க ஒரு சாவு விழுந்திருக்கு மேடம்..."

"அடுத்து விழப்போறது உன் வேலை! போலீஸ் வந்திருக்கு!"

ஓடினாள்.

டீன் அறையில் இன்ஸ்பெக்டர் நெலிடா தார்கி கறியும் சாறும் அடைத்த சால்தேஞாப் பலகாரம் ஒன்றின் மூலையைக் கடித்து, யூனிஃபார்மில் சிந்தாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டாக்டர் வில்சன் அரன்சிபியா. அடுத்த ஆய்வுக்கூடக்காரர். பழைய பகை!

இருவரில் ஒருவருக்குத்தான் இந்த வருஷம் ஆராய்ச்சிப் பணம். யாருடைய கட்டுரைகளை மற்ற விஞ்ஞானிகள் அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ, அவருக்கு. இன்னொருவர் கூடத்துக்குப் பூட்டு.

இன்றைக்கு முடிவு!

"திருடி!" அரன்சிபியா விரலை நீட்டினார். "ஆர். வில்கான்னு ஒரு மேதை! அவர் எழுதினதை வரிக்கு வரி காப்பி அடிச்சிருக்கா இவ. அதே கிராமம்... அதே பூச்சி!"

"எந்த வில்கா? எங்க ஊர்ப் பக்கம் கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு வில்கா தலையிலதான் விழும்!"

"என் ஒவ்வொரு கட்டுரையிலயும் அவரைத்தான் மேற்கோள் காட்டறேன். உன்னை ஒரு தடவைகூட இல்ல! அவர் விஞ்ஞானி. நீ பூச்சி புடிக்கிறவ!"

"நீங்க பூச்சியை டிவியில பார்க்கறவர்!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" டீன் கம்ப்யூட்டரைத் திருப்பினாள்.

யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கு வைக்கும் வெளிநாட்டு அட்டவணை. ஆர். சோக்கே... கொஞ்சூண்டு கட்டுரைகள். ஆர். வில்கா... மலை மாதிரி!

வில்காவின் கட்டுரை ஒன்று திறந்தது. ஒரு புகைப்படம். வின்சூகாவைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல்.

"மேடம்! அது என் விரல்!"

"பாருங்க, விரலைக்கூடத் திருடியிருக்கா!" என்றார் அரன்சிபியா.

இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டாள். "சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல வாக்குமூலம். பேரு சொல்லுங்க டாக்டரம்மா."

"ரெமேடியோஸ்."

"அப்பா வழிப் பேரு?"

"சோக்கே."

"அம்மா வழிப் பேரு?"

"வில்..."

நிறுத்தினாள்.



"...கா," என்று முடித்து வைத்தாள் இன்ஸ்பெக்டர். மிச்ச சால்தேஞா தரையில் விழுந்தது.

ரெமேடியோஸ் குதித்தாள். "நம்ம நாட்டுல சொந்தப் பேருக்கு அப்புறம் அப்பா பேரு, கடைசியில அம்மா பேரு. வெளிநாட்டுக்காரன் முக்கால்வாசிக் கட்டுரையில கடைசியில இருக்கறதுதான் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டான்! என் அட்டவணையை நான் எங்க பார்த்தேன்? பூச்சியைப் பார்க்கவே நேரமில்ல!"

"அடப்பாவி! ஒரு பொம்பளையை ரெண்டா வெட்டிட்டானே!" என்றாள் டீன். "வில்சன், உங்களுக்கு ஏன் இந்தக் கதி வரல?"

"நான் அம்மா பேரைப் போடறதில்ல மேடம். ஒத்தைப் பேருதான்... ஸ்டைலா இருக்கும்."

"பெத்தவ கேட்டா சந்தோஷப்படுவா!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

டீன் திரையில் சோக்கேயையும் வில்காவையும் ஒருவராக்கினாள். எண்ணிக்கை விர்ரென்று ஏறியது. ரெமேடியோஸ் இன்ஸ்பெக்டரைக் கட்டிக்கொண்டாள்.

"நிறுத்துங்க!" அரன்சிபியாவின் கண்கள் மின்னின. "சோக்கேயை அடிக்கடி மேற்கோள் காட்டினது யாரு? வில்கா! வில்காவைக் காட்டினது? சோக்கே! தன்னைத்தானே புகழ்ந்துக்கறது செல்லாது. கழிங்க மேடம்!"

"அதுவும் நியாயம்தான்..."

டீன் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

சரிந்தது. இன்னும் சரிந்தது! கூடத்தின் கதவில் பூட்டுத் தொங்குவது ரெமேடியோஸின் கண் முன் தெரிந்தது.

"மேடம்..." அவள் திரைக்கு முன்னால் பாய்ந்தாள். "இந்த விதி ரெண்டு பேருக்கும்தானே?"

"ஆமா."

"அப்ப அவருக்கும் கழிங்க!"

"எ... எதுக்கு மேடம்? நேரமாச்சு..." என்றார் அரன்சிபியா.

டீன் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"வில்சன்... உங்களை நீங்க மட்டும்தான் மேற்கோள் காட்டியிருக்கீங்க. மிச்சம் ஒண்ணுமே இல்லியே!"

"அவளுக்கு மட்டும் என்ன மிச்சம்?"

"நிறைய இருக்கு. எல்லாம் ஒரே ஆளோட கைவேலை..." டீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அரன்சிபியா... அரன்சிபியா... அட, இதுவும் அரன்சிபியா! ரெமேடியோஸ், பணம் உனக்குத்தான்!"

அரன்சிபியா நாற்காலியில் சரிந்தார். ஆறு கால் இல்லாத குறைதான்!

இன்ஸ்பெக்டர் அவருடைய புகார் மனுவைப் பிரித்தாள்.

"சார்... இதுலயும் வில்கா மேதை, வில்கா மேதைன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கீங்க. வாபஸ் வாங்கிக்கறீங்களா... இல்ல, இதையும் அந்தம்மா கணக்குல சேர்க்கச் சொல்லவா?"