மஞ்சள் பை என்ன ஆச்சு?

வாண்டுவுக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் இருபது வயது இருக்கும்.

அவளுடைய அம்மா வீட்டிலேயே பள்ளிப் பைகள் தைத்து, ஓர் இணையச் சந்தையில் விற்றுவந்தார். அங்கே இருக்கும் கணக்குதான் அவருடைய கடை. அது போனால் பிழைப்பே போன மாதிரி.

அன்று காலை அந்தச் சந்தையிலிருந்து ஒரு செய்தி வந்தது. வாண்டு சத்தமாகப் படித்தாள்.

"எங்களிடம் இருந்த விவரங்கள் சில திருடுபோய்விட்டன. உங்கள் பாஸ்வேர்டை உடனே மாற்றிக்கொள்ளுங்கள்."

"இந்த ஜிப்பைத் தைச்சிட்டு மாத்தறேன்" என்றார் அம்மா.

அந்த ஜிப் முடிந்ததும் இன்னொரு ஜிப் வந்தது. மதியமாகியும் மாற்றியபாடில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. அம்மாவின் இரண்டு கையும் துணியில் இருந்ததால் வாண்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், சந்தை ஆபீஸ்லேர்ந்து பேசறேன். முந்தாநாள் மூணு சிவப்புப் பை அனுப்பினீங்க, சரியா?" என்று கேட்டது ஒரு குரல். வீட்டு முகவரியையும் பிசகாமல் சொன்னது. "உங்க கணக்கைப் பாதுகாக்கணும் மேடம். இப்ப உங்களுக்கு ஒரு ரகசிய எண் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க."

இவ்வளவு தெரிந்தவர் சந்தைக்காரராகத்தானே இருக்க வேண்டும்? அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

வாண்டுவுக்குத் திக்கென்றது. திருடுபோனதே இந்த விவரங்கள்தானே! சட்டென்று தையல் சாக்பீஸை எடுத்துத் துணி வெட்டும் மேசையில் எழுதினாள்: 'மஞ்சள் பை என்ன ஆச்சுன்னு கேளு.'

அம்மா திருதிருவென்று விழித்தார். ஆனாலும் கேட்டார்.

"அதுவும் போய்ச் சேர்ந்துடுச்சு மேடம். ரொம்ப அழகா இருக்காம். நம்பரைச் சொல்லுங்க."

அம்மா இதுவரை மஞ்சள் பையே தைத்ததில்லை. மஞ்சளில் அழுக்கு தெரியும் என்பது அவர் கட்சி.

"தைக்காத பையா அழகா இருக்கு?" என்று ஃபோனை அணைத்தார். "நல்லவேளைடி! இன்னும் கொஞ்சத்துல சொல்லியிருப்பேன்."

"முதல்ல பாஸ்வேர்டை மாத்தும்மா. மெயிலுக்கும் அதேதானா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அதுதானே வசதி?"

"திருடனுக்கும் அதுதாம்மா வசதி!"

அம்மா சிரித்துவிட்டார். ஜிப்பை ஓரம்கட்டிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். கடைக்கு ஒன்று, மெயிலுக்கு வேறொன்று என்று நீளமாக மாற்றினார்கள். வந்த அழைப்பைப் பற்றிச் சந்தைக்கும் புகார் அனுப்பினார்கள்.

அப்பாடா என்று எழுந்த அம்மாவை வாண்டு விடவில்லை.

"எதிர்வீட்டு அத்தையும் அங்கதானே பை விக்கிறாங்க? அவங்களுக்கும் இவன் பேசுவான்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அம்மா யோசித்து வைத்த மூடிபோட்ட பாக்கெட்டை எதிர்வீட்டு அத்தை போன வருடம் அப்படியே பார்த்துத் தைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"பேசினா பேசட்டும். எனக்கென்ன?"

"பாக்கெட்டை எடுத்தது தப்புதான். அதுக்காகக் கடையே போகணுமாம்மா?"

அம்மா மேசையில் இருந்த சாக்பீஸ் எழுத்தைத் துணியால் துடைத்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"நான்தான் பேசறேன். சந்தையிலேர்ந்துன்னு யாராவது ஃபோன் பண்ணி நம்பர் கேட்டா, சொல்லிடாதே."

அந்தப் பக்கம் எதிர்வீட்டு அத்தையின் குரல் மெதுவாக வந்தது.

"அக்கா... அவன் என் இன்னொரு ஃபோன்ல லைன்லதான் இருக்கான். பாதி நம்பர் சொல்லிட்டேன்."

"மீதியை முழுங்கிடு!" என்று கத்தினார் அம்மா. "ஃபோனை வெச்சிட்டு உடனே இங்க வா. பாஸ்வேர்டை மாத்தணும்."

வாண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தாள். எதிர்வீட்டு அத்தை செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.