வெளுக்கப் போட்ட பவளம்

குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, சன்னலை அகலத் திறந்துபோட்ட பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. அழுகிய நண்டும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்து, தொண்டையில் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும் நாற்றம்.

அவளுக்கு அது புதிதில்லை. கணவன் கண்ணாடிப் படகில் பயணிகளை ஏற்றிப் பவளப்பாறை காட்டுபவன். அவர்கள் பூசிய வெயில் களிம்பு கடல்மேல் எண்ணெயாய் மிதக்கும். பாறைமேல் ஏறி நின்று படமெடுத்து அவர்கள் நொறுக்கியது போக, மிச்சத்தை அவன் உடைத்து வருவான்; சதை கரைந்து வெளுக்கும்வரை தொட்டியில் ஊறப்போட்டு அவர்களுக்கே விற்பான். உயிருள்ள பவளம் சளி கக்கும். அதை வழித்துக் கொட்டுவது அவள் வேலை. நம் வீட்டில்தான் குளிக்கக் கடலுக்குப் போகவேண்டியிருக்கிறது என்று அவள் கேலி செய்தால், ஈரக்கையால் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவான்.

ஆனால் இன்று தொட்டி காலி. நாற்றம் அவன் தலையணையில் இருந்தது.

பாறையை உடைக்கும்போது அவன் உள்ளங்கையில் கீறிய புண்ணின் நாற்றம் அது. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். சீசன் முடியட்டும் என்றான். நேற்று மருந்து போடுகையில் புண்ணின் விளிம்பு கல்லாய்ச் சொரசொரத்தது. உள்ளே மஞ்சளாய் ஏதோ சுருங்கி விரிந்தது. துடைத்த பஞ்சோடு சளி நூல்நூலாய் நீண்டது. முகம் சுளிக்காமல் கட்டுப் போட்டாள். அவன் மனசு நொந்துவிடுமே.

இன்று சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம். பவுடர் பாக்கெட் கிழியும் சத்தம். பிறகு, எதையோ உறிஞ்சுவதுபோல, சின்னச் சின்னதாய், நூற்றுக்கணக்கில்.

"என்னங்க, கதவத் திறங்க."

கதவுக்கு அடியில் சளி வழிந்து அவள் பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாக.

தாழ் விலகியது.

அவன் கை தோள்வரை வெளுத்திருந்தது. கடையில் வைத்தால் முதலில் வருபவரே வாங்கிப் போகுமளவு அழகாக. அவள் போட்டுவிட்ட மோதிரம் கல்லுக்குள் பாதி புதைந்திருந்தது.

"பாரேன், நாத்தம் சுத்தமா போயிடுச்சு." அதே பழைய சிரிப்பு. "ஆனா பசிக்குதும்மா. எனக்கில்ல."

பின்வாங்கினாள். சுவர்.

கன்னத்தைத் தட்டக் கையை நீட்டினான், எப்போதும்போல. வெள்ளை முழுக்கத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு வாய். ஈரமாய். எல்லாம் திறந்தன. அவள் கன்னத்தில் அப்பிக்கொண்டு, மெல்ல உறிஞ்சத் தொடங்கின.