பதினொரு நாளாக வராத நீலம்

"பணிஸை என்ட கையாலதான் குடுத்தேன், மாமா. கடைசித் துண்டையும் அவர் முழுங்கினதைப் பார்த்தேன்" என்றாள் நிஸ்ரின். அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மதுரங்குளியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர் அத்தாஉல்லா நல்ல கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆடுகிற கதிரையில் தான் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். உண்ட சோறு வயிற்றைக் கடந்து வெளியேற எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்று ஓர் ஆராய்ச்சி. நீலச் சாயம் போட்ட பணிஸ் என்ற இனிப்பு ரொட்டியைத் தின்னவேண்டும். மலம் நீலமாக வரும் நேரத்தைக் குறிக்கவேண்டும். தினமும் காலையில் "வந்துதா?" என்று தொலைபேசியில் கேட்பது நிஸ்ரினின் உத்தியோகம். வந்துவிட்டவருக்கு அதோடு அழைப்பு நின்றுவிடும். எல்லோருக்கும் மூன்று நாளுக்குள் வந்தது. மாம்புரியிலுள்ள முத்தலிபுக்கு மட்டும் பதினொரு நாளாகியும் வரவில்லை. தினமும் போகிறாராம், நிறம் சாதாரணமாம்.

பட்டங்கள் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கத்துக்கும் வழிந்த விசிட்டிங் கார்டுக்குச் சொந்தக்காரரான டொக்டர் சுஹைர் தீர்ப்பு எழுதிவிட்டார்: நிஸ்ரின் பணிஸ் கொடுக்காமலே பொய்ப்பதிவு செய்திருக்கிறாள். நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை.

"ஆடு திண்டிருக்கும்!" என்றான் மஸாஹிர். நாற்பது வயது, முச்சக்கரவண்டி ஓட்டுவது தொழில், துப்பறிவது ஆசை, அத்தாஉல்லாவை அண்ணன் முறையில் அழைப்பவன். "ஆட்டைப் பிடிச்சு விசாரிப்பமா, நானா?"

"ஆடு லோயர் வைக்கும். முதல்ல மனுசனைப் பாப்பம்."

முத்தலிபின் மனைவி ஊர் மையவாடியில் அடக்கமாகியிருந்தார். பிள்ளைகள் யுத்தம் முடிந்ததும் விட்டு வந்த காணியைத் திருத்த மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் போகவில்லை. வீட்டில் கடற்காற்றைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. தொலைபேசிக்கென்று தனியாக ஒரு மேசை. அதன்மேல் இஸ்திரி போட்ட துணி.

சுவரில் பதிவுத்தாள். திகதி, நேரம், நிறம். 7.10, 7.12, 7.09 என்று வரிசையாக. ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் வெறுமை. நுனியைத் தூக்கிப் பிடித்தபோது, இரண்டாம் நாள் கட்டத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் காட்டியது. அத்தாஉல்லா தேநீரைக் குடித்து முடித்தார்.

"நானா, நாளைக்கு எங்களோட டொக்டர்ட ஒபிசுக்கு வருவீங்களா?"

மறுநாள் எல்லோர் முன்னாலும் அத்தாஉல்லா நிஸ்ரினைக் கேட்டார்: "நீ எத்தனை மணிக்கு எடுப்பாய், புள்ள?"

"ஏழு பத்துப்போல. ஞாயிறும் போயாவும் லீவு."

"டொக்டர், அரசாங்க லீவு எடுக்கிற குடலை வெளிநாட்டுப் புத்தகத்தில கண்டிருக்கீங்களா?"

"மிஸ்டர், இது விஞ்ஞானம்!"

"அதான் கேட்டேன். தாள்ல இருக்கிறது கக்கூசுக்குப் போன நேரமில்ல, டெலிபோன் கோல் வந்த நேரம். கோல் இல்லாத நாளில எழுத ஒண்டுமில்ல. இரண்டாம் நாள்ல மட்டும் எதையோ எழுதி, பிளேடால சுரண்டியிருக்கு. நீலம் வந்துதுதானே, நானா?"

முத்தலிபு நிலத்தைப் பார்த்தார். "உண்மையைச் சொன்னா இந்தப் புள்ளட வேலை தப்புமா?"

"தப்பும்."

"இரண்டாம் நாள் அந்திக்கே வந்துட்டு, மயில் கணக்கா. எழுதினதுக்குப் பொறகுதான் யோசிச்சேன்: சொன்னா, 'சரி அங்கிள், முடிஞ்சு' எண்டு வெச்சிருவா. அவ பணிஸை மட்டும் கேக்கிறல்ல. சாப்பிட்டீங்களா, என்ன கறி எண்டும் கேப்பா. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் எண்டு..."

நிஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப மொத்தம்?"

"முப்பத்தாறு மணித்தியாலம். ஊர் உலகத்தில எல்லாருக்கும் போலத்தான்" என்றார் முத்தலிபு.

டொக்டர் தன் கடிதத்தைத் தானே கிழிக்கவேண்டி வந்தது; பட்டம் எதுவும் அதற்கு உதவவில்லை.

வாசலில் முத்தலிபு தயங்கினார். "வேற ஆராய்ச்சி ஏதும் வருமா, மகள்?"

"அடுத்த மாசம் தூக்கத்தைப் பத்தி ஒண்டு இருக்கு. ஒரு மாசம் தினமும் கதைக்கோணும். ஆனா நீங்க உண்மையைச் சொல்லோணும்."

"தூங்கிறதே இல்ல. அதைச் சொல்றேன்."

மஸாஹிர் வண்டியை இயக்கிவிட்டுக் காத்திருந்தான். அத்தாஉல்லா ஏறவில்லை. பரிசோதகர்க் குரலை வரவழைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"அதுக்கு, புள்ள... மதுரங்குளியிலயும் ஆள் எடுப்பீங்களா?"