பிடித்து விடுவது

அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த தூண்டில் தடியின் துணியுறை நனைந்திருந்தது. கட்டாரிலிருந்து கொண்டுவந்த நாள்தொட்டு றம்ஸீன் அதைத் தண்ணீரில் போட்டதே இல்லை; வெளியே காத்தான்குடி முழுவதும் ஓகஸ்ட் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உறையை மூக்கருகே கொண்டுபோனான். ஊரோரத்து வாவியின் உப்புச்சேற்று வாடை இல்லை. பாசி பிடித்த கல்லும் அழுகிய இலையும் ஒருபோதும் வெயில் படாத தண்ணீரும் கலந்த குளிர்ந்த வாடை. விரல்நுனிகள் மரத்துப்போயின.

நுவரெலியாப் பக்கத்து மலையாறு ஒன்றில், இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை எறிந்து மீன் பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இப்போது மலையில் மழை, ஆறு கலங்கியிருக்கும். மலை தெளியும்போது இங்கே மாரி வந்து பாதையை மூடிவிடும். ஆகவே பெப்ரவரியில் பயணம். மனைவி சஹ்லாவையும் சின்னஞ்சிறு மகள் ஷஸ்னாவையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"புடிக்கிற மீனை ஆக்கலாமா?" என்று கேட்டாள் சஹ்லா.

"இல்ல. புடிச்சு, படமெடுத்துப்போட்டு, திரும்ப உட்டுருவம்."

"திங்காத மீனை எதுக்கு நோகடிக்கிற? அதுவும் அல்லாஹ்ட படைப்புத்தானே."

"மீனுக்கு நோகாதுகா" என்று சிரித்தான்.

செப்டம்பர் பின்னேரங்களில் வாவிக்கரையில் நின்று எறிந்து பழகினான். தோணியைக் கரையேற்றிய மீனவர் பாலசுந்தரம், "றம்ஸீன் தம்பி, ஈக்குக் கயிறு கட்டி மேய்க்கிறீங்களோ?" என்று கேலி செய்தார். ஒருநாள் சின்னக் கொடுவா ஒன்று அகப்பட்டது. படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டான். அதே மீன் வாயோரம் கிழிந்தபடி மறுபடியும் அகப்பட்டது. விட்டான். மறுபடியும். கடைசியாக விட்டபோது அது நீந்திப் போகவில்லை. காலடியில் கிடந்து, இமையில்லாக் கண்ணால் அவனையே பார்த்தது.

மறுநாள் காலையில் ஷஸ்னாவின் வாயோரத்தில் ஊசி துளைத்தாற்போல ஒரு புண்.

டொக்டர் கொடுத்த பூச்சுமருந்துக்கு அது ஆறவில்லை. மாரி தொடங்கியது. தகரக்கூரையில் மழை கொட்டும்போதெல்லாம், அதற்கு அடியில் இன்னொரு ஓசை, கற்களில் மோதி மோதி இறங்கும் ஓர் ஆற்றின் ஓசை, குசினிச் சுவருக்குள்ளிருந்து அவனுக்குக் கேட்டது. சோறு தின்றுகொண்டிருக்கும்போதே ஷஸ்னாவின் தலை, வாவியும் மலையும் இருக்கும் மேற்குப் பக்கமாக வெட்டித் திரும்பும்.

"ஆரோ இழுக்காங்க வாப்பா."

தடியை முறித்து எரித்தான். பயணம் இல்லை என்றான். தொழுகைப்பாயில் அழுதான். புண் அப்படியே இருந்தது.

மழை விட்ட ஓர் அந்தியில், மஃரிப் நேரம், பாலசுந்தரம் வாசலில் நின்றார். அவருடைய சட்டைக்குள் சுருண்டபடி ஷஸ்னா.

"புள்ள கழுத்தளவு தண்ணியில நிண்டுது தம்பி. நான் புடிச்சு இழுத்தன், வரல்ல. பிறகு தானாவே உட்டுட்டுது."

"என்ன உட்டது, அண்ணன்?"

அவர் வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெற்றுடம்பு நடுங்கியது. சஹ்லா ஒரு துவாயை எடுத்து அவர் தோளில் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அந்த வீட்டில் மிஞ்சியிருந்த நல்லது அவ்வளவுதான்.

அதன் பிறகு கதவுகளுக்குப் பூட்டுப் போட்டான். பெப்ரவரி வந்தது. ஒரு பின்னேரம், சஹ்லா தொழுகைக்கு ஒழுச் செய்யப் போன சிறு பொழுதில், பின்கதவு திறந்து கிடந்தது.

ஓடினான். வாவி அசையாமல் கிடந்தது. நடுவே ஷஸ்னாவின் தலை மட்டும். பாய்ந்து போய் அவளை அணைத்தான். தண்ணீர் எலும்பைக் குத்தியது. காலுக்குக் கீழே சேறு இல்லை. வழுக்கும் உருண்டைக் கற்கள்.

இழுவை பலமாக இருந்தது. இழுத்தான். கெஞ்சினான்.

தளர்ந்தது.

"வாப்பா!" என்று சிரித்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் கரையை நோக்கி நடந்தான். இடுப்பளவு. முழங்காலளவு. மணல். சஹ்லா கைகளை நீட்டியபடி ஓடிவந்தாள். பிள்ளையை அவளிடம் கொடுத்தான். மூச்சுவிட்டான்.

ஷஸ்னா சிரிப்பை நிறுத்தினாள்.

தாயின் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள். இமைக்கவில்லை. அவளுடைய புண்பட்ட வாயோரம் மெல்ல, மெல்ல, தண்ணீர்ப் பக்கமாக இழுபட்டு நீண்டது.