எழுந்தால் விக்கெட் விழும்

செவ்வாய்க் கோளில் மேட்ச் நாளன்று குவிமாடத்துக்குத் தேவையான காற்றைக் காலையிலேயே நிரப்பிவிடுவார்கள். மாலையில் மூச்சுத் திணறினாலும் வால்வைத் திருப்ப எவரும் எழுந்து போவதில்லை என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

புதுக்கோபி என்ற அந்தக் குவிமாட ஊருக்கு ஒர்லிக் விருந்தாளியாக வந்திருந்தார். பிறந்தது ஒரு சிறுகோளில். தொழில், விண்கலப் பழுதுபார்ப்பு. அவர் ஊரில் ஈர்ப்புவிசை பேருக்குத்தான். முதன்முதலாக ஒருவர் மட்டையால் அடித்த பந்து இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு விளையாட்டையே விட்டுவிட்டார்கள். ஆகவே பிற கோள்காரர்களின் விளையாட்டு மோகத்தைப் பற்றி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதி ஊருக்கு அனுப்ப அவருக்கு ஆசை. தொண்டையில் பொருத்திய மொழிச்சில்லு அவரைச் சுத்தமான தமிழில் பேசவைத்தது.

தங்கியது உருளைக்கிழங்கு விவசாயி திருமேனியின் வீட்டில். இறுதிப் போட்டி நடந்தது பூமியில். படம் செவ்வாய்க்கு வந்துசேர இருபது நிமிடம் பிடிக்கும். நான்கு விக்கெட் மளமளவென்று சரிந்தபின், திருமேனி நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி நிலைத்துவிட்டது. அவ்வளவுதான், இனி யாரும் அசையக் கூடாது என்று உத்தரவாயிற்று. மைத்துனர் செல்லப்பன் வாயில் பாதி முறுக்கோடு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தும்மலை அடக்கியதில் கண் சிவந்துபோயிருந்தார். கட்டுரைக்கு முதல் வரி கிடைத்த மகிழ்ச்சி ஒர்லிக்குக்கு: “இவர்கள் விளையாடுவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டத்தை நடத்துகிறார்கள்.”

அன்றைக்குத்தான் திருமேனியின் ஒரே மகள் நிறைமதி சனிக் கோளுக்கு வேலைக்குப் புறப்பட்டாள். தாயில்லாத பெண். போய்ச் சேரவே பதினோரு வருடம். திரும்புவது என்ற பேச்சே கிடையாது. விண்கலம் கிளம்பும் கலத்துறைக்கு வண்டியில் பத்து நிமிடம். உள்ளே நுழைந்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். பெட்டியோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, கிளம்பறேன். வழியனுப்ப வாங்களேன்.”

திருமேனி திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. போன ஆட்டத்தில் இவர் தண்ணீர் குடிக்க எழுந்த பந்திலேயே கேப்டன் அவுட்டானது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“முப்பது ரன்தான் கண்ணு. அடிச்சதும் ஓடி வந்துடறேன்.”

ஒர்லிக்குக்குப் பொறுக்கவில்லை. பூமியில் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்குமே என்று கணக்குச் சொன்னார்.

“அங்க முடிஞ்சிருக்கும் தம்பி. இங்க முடியலையே.”

நிறைமதி சிரித்தாள். அந்த வீட்டுப் பெண்தானே. தோளைத் தொட்டால்கூட அப்பா அசைந்துவிடுவாரோ என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முப்பது ரன்னுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மழை, நடுவரோடு தகராறு, மறுபடி மழை. கடைசியில் ஜெயித்தார்கள். கூடமே குதித்தது. திருமேனி செருப்பைத் தேடி ஓடினார். ஒர்லிக் அவரைத் தடுத்து, கலம் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டதைக் கடிகாரத்தில் காட்டினார்.

“விண்கலம் ஒரு நொடிகூடத் தாமதிக்காது, ஐயா. இனிமேல் போவது வீண்.”

காலமெல்லாம் கலங்களோடு பழகியவர் சொல்கிறார். திருமேனி ஒற்றைச் செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒர்லிக் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு உள்ளே போய்க் கட்டுரையை முடித்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் கலத்திலிருந்து நிறைமதியின் குரல் வந்தது.

“அப்பா, ஜெயிச்சுட்டோம்ல. பைலட்டும் எங்ககூட கலத்துறை ஹால்லதான் உக்காந்து பாத்தாரு. அவரை யாருமே எந்திரிக்க விடல. ஜெயிச்சப்புறமும் அரை மணி நேரம் லட்டு குடுத்துட்டிருந்தாங்க. ஓடி வந்துடறேன்னீங்களே, அதான் வாசலையே பாத்துட்டிருந்தேன். உங்களுக்குன்னு ஒரு லட்டு வச்சிருந்தேன். கதவை மூடறப்ப நானே சாப்பிட்டுட்டேன்.”

தன் ஒரு நாற்காலியால்தான் ஆட்டம் ஜெயித்தது என்று நம்பியவருக்கு, பைலட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கும் என்பது தோன்றாமல் போய்விட்டது.

ஒர்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற முயன்றார். அது ஏற்கெனவே வெளியாகியிருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறதென்றும், அந்த அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதும்படியும் அவர் ஊரில் கேட்டிருந்தார்கள்.